கோட்டைக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது?



ஜெர்மனியின் கோட்டைகள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நொய்ஷ்வான்ஸ்டைன்தான். பச்சை மலைச்சரிவும் வெள்ளைச் சுவர்களும் உயர்ந்த கோபுரங்களுமாக நாட்காட்டிகளில் அதைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே போகிறார்கள். நேரம் குறித்த சீட்டு வாங்கி, வழிகாட்டியின் பின்னால் அரை மணி நேரம் நடந்தால் சுற்றிப் பார்த்து முடிந்துவிடும்.

அது அழகான இடம்தான். ஆனால் எந்த எதிரியையும் தடுக்க அதைக் கட்டவில்லை. பவேரியாவின் மன்னர் இரண்டாம் லுட்விக் 1869இல் அதைக் கட்டத் தொடங்கியபோது, கோட்டைக்குள் ஒளிந்து போரிடும் காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அதில் குழாயில் தண்ணீர் வந்தது, தொலைபேசிகூட இருந்தது.

போருக்காகவே கட்டிய பழைய கோட்டைகள் ஜெர்மனியின் காடுகளிலும் வயல்வெளிகளிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கூட்டம் வருவதில்லை. ஒரு மூலையில் நின்று, சுவரைத் தொட்டுப் பார்த்து, ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று நிதானமாக யோசிக்கலாம். அப்படிப் போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது வாளையோ சிம்மாசனத்தையோ அல்ல, கிணற்றை!

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலை உச்சிக் கோட்டையில் 50 பேரும் 10 குதிரைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் குடிக்க நாளுக்கு 3 லிட்டர் என்றால் 150 லிட்டர். ஒரு குதிரைக்கு 35 லிட்டர் என்றால் 350 லிட்டர். சமையல், குளியல் எதையும் சேர்க்காமலே நாளுக்கு 500 லிட்டர் ஆகிவிட்டது. எதிரிப்படை மூன்று மாதம் சுற்றி நின்றால் 45,000 லிட்டர் வேண்டும். தானியத்தை முன்பே சேர்த்து வைக்கலாம், இறைச்சியை உப்பிட்டு வைக்கலாம். தண்ணீர் தீர்ந்துபோனால் எவ்வளவு தடிமனான மதிலும் சில நாளுக்கு மேல் தாங்காது, உள்ளே இருப்பவர்களே கதவைத் திறந்துவிடுவார்கள். கோட்டையின் உயிர் தண்ணீரில்தான் இருந்தது. அந்தத் தண்ணீரை எப்படிப் பெற்றார்கள் என்று சில கோட்டைகளுக்குப் போய்ப் பார்ப்போம்.

பாறைக்குள் ஒரு கோட்டை

ஜெர்மனியின் தென்மேற்கில், பிரான்சு எல்லையை ஒட்டி ஃபெல்சர்வால்ட் என்ற பெரிய காடு இருக்கிறது. அங்கே மரங்களுக்கு மேலே சிவப்புப் பாறைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். இவை மணற்கற்கள். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணல் இறுகிப் பாறையானது. மணலில் இருந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்ததால் சிவப்பு நிறம் வந்தது.

மணற்கல்லை உளியால் குடையலாம். அதனால் இங்கே கோட்டை கட்டியவர்கள் பாறையின் மேலே மட்டும் கட்டாமல் பாறைக்குள்ளேயும் அறைகளைக் குடைந்தார்கள். டான் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஆல்ட்டான், கிராஃபெண்டான், டான்ஸ்டைன் என்று மூன்று கோட்டைகள் ஒரே பாறைமுகட்டில் வரிசையாக நிற்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் பெர்வார்ட்ஸ்டைன் கோட்டை. பழைய காலத்தில் இதன் மேல்பகுதிக்குப் போகப் பாறைக்குள் செங்குத்தாகக் குடைந்த ஒரு துளை வழியாகத்தான் ஏற வேண்டியிருந்தது. கீழிருந்து ஒருவர் பின் ஒருவராக ஏறி வரும் எதிரியை மேலே இருக்கும் ஒரே ஒரு காவலாளி தடுத்துவிடலாம்.

இதே பாறையில் கீழ்நோக்கிப் போகும் இன்னொரு துளையும் உண்டு. அதுதான் கிணறு. ஆழம் 104 மீட்டர்! முப்பது மாடிக் கட்டடத்தின் உயரத்தைக் கையாலேயே தோண்டியிருக்கிறார்கள்.

மலை உச்சியில் தண்ணீர் எப்படிக் கிடைக்கும்? மணற்கல்லில் மணிகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகளும், பாறை முழுவதும் விரிசல்களும் இருக்கின்றன. மழைநீர் இவற்றின் வழியே மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ஓர் ஆழத்துக்குக் கீழே எல்லா இடைவெளிகளும் தண்ணீரால் நிரம்பிவிடுகின்றன. அந்த எல்லைதான் நிலத்தடி நீர்மட்டம். குன்றின் அடியில் அது பெரும்பாலும் பள்ளத்தாக்கின் ஓடை மட்டத்துக்கு அருகில் இருக்கும். ஆகவே, பாதுகாப்புக்காக எவ்வளவு உயரத்தில் கோட்டை கட்டினார்களோ, தண்ணீருக்காகக் கிட்டத்தட்ட அவ்வளவு ஆழம் தோண்ட வேண்டியிருந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ட்ரீஃபெல்ஸ் கோட்டையில் கிணற்றுக்கென்றே ஒரு கோபுரம் இருக்கிறது. கோட்டைப் பாறையை விட்டுச் சற்று விலகிக் கிணறு தோண்டி, அதைச் சுற்றிக் கோபுரம் எழுப்பி, கோட்டையிலிருந்து பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1193இல் சிறைவைத்த கோட்டை இது. மன்னருக்குப் போட்ட அதே காவலைக் கிணற்றுக்கும் போட்டிருக்கிறார்கள்!

தண்ணீரை ஆயுதமாக்கியவர்

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெர்வார்ட்ஸ்டைன் கோட்டை ஹான்ஸ் ஃபொன் ட்ரோதா என்ற வீரரிடம் இருந்தது. பக்கத்து வைசென்புர்க் ஊரின் மடாலயத்தோடு அவருக்குத் தீராத சொத்துத் தகராறு. அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஊருக்குப் போகும் வீஸ்லவுட்டர் ஆற்றின் குறுக்கே அணை கட்டிவிட்டார். ஊர் தண்ணீர் இல்லாமல் தவித்தது. மடத்துத் தலைவர் முறையிட்டார். உடனே ஹான்ஸ் அணையை உடைத்துவிட்டார். தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் பாய்ந்து ஊரை மூழ்கடித்தது.

இதில் ஒரு முக்கியமான அறிவியல் இருக்கிறது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. உயரத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரிடம் அந்த உயரத்துக்கு ஏற்ற ஆற்றல் சேர்ந்திருக்கிறது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் அதே தண்ணீர் ஆலைச் சக்கரத்தைச் சுற்றும், வயலுக்குப் பாயும். சில நிமிடங்களில் மொத்தமாக இறங்கினால் பாலத்தையும் வீட்டையும் அடித்துக்கொண்டு போகும். இன்று அணைகளில் மதகுகளைப் படிப்படியாகத் திறப்பதும், திறக்கும் முன் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கொடுப்பதும் இதனால்தான்.

வைசென்புர்க் இன்று பிரான்சில் இருக்கிறது. அந்தப் பகுதியில் கிறிஸ்துமஸ் காலத்தில், குறும்பு செய்யும் பிள்ளைகளை மிரட்ட ‘ஹான்ஸ் டிராப் வருகிறான்!’ என்று சொல்வார்கள். அந்தப் பூச்சாண்டி இந்த ஹான்ஸ்தான்.

ஆறு விநாடி ஆழம்

அடுத்து நடு ஜெர்மனிக்குப் போவோம். தூரிங்கியா மாநிலத்தில் கிஃப்ஹொய்சர் மலை இருக்கிறது. 1190இல் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்த பேரரசர் பார்பரோசா, உண்மையில் சாகவில்லை, இந்த மலைக்குள்தான் தூங்குகிறார் என்று ஒரு நாட்டுப்புறக் கதை சொல்கிறது. மலைமேல் 81 மீட்டர் உயரத்தில் ஒரு பெரிய நினைவுச்சின்னம் நிற்கிறது. வருகிறவர்களில் பலர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அருகிலேயே, பழைய பேரரசுக் கோட்டையின் இடிபாடுகளுக்கு நடுவில் ஒரு கிணறு இருக்கிறது. ஆழம் 176 மீட்டர்! அந்த நினைவுச்சின்னத்தைப் போல இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே நிறுத்தினாலும் இடம் மிஞ்சும். உலகின் மிக ஆழமான கோட்டைக் கிணறு என்று பெயர் பெற்றது இதுதான். பல நூற்றாண்டுகள் மண்ணும் கல்லும் மூடிக் கிடந்ததை 1930களில்தான் முழுவதும் தூர்வாரினார்கள்.

இவ்வளவு ஆழத்தைக் கயிறு இல்லாமல் அளக்க முடியுமா? கடிகாரம் இருந்தால் முடியும். கீழே விழும் பொருளின் வேகம் நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும். அது விழும் தூரத்தைக் கண்டுபிடிக்க, விநாடியை விநாடியால் பெருக்கி, மறுபடியும் 5ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழச் சரியான விடை மீட்டரில் வரும்.

1 விநாடி: 5 மீட்டர்
2 விநாடி: 20 மீட்டர்
3 விநாடி: 45 மீட்டர்
4 விநாடி: 80 மீட்டர்
5 விநாடி: 125 மீட்டர்
6 விநாடி: 180 மீட்டர்

பார்த்தீர்களா? கிஃப்ஹொய்சர் கிணற்றின் அடிக்கு ஒரு பொருள் போய்ச் சேர ஏறத்தாழ 6 விநாடி ஆகும். ‘தொப்’ என்ற சத்தம் திரும்பி மேலே வரவும் நேரம் வேண்டுமே? ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அதனால் இன்னும் அரை விநாடி. மொத்தம் ஆறரை விநாடி கழித்துத்தான் காதில் கேட்கும்.

இதற்காகக் கிணற்றில் கல்லைப் போடக் கூடாது. கல்லும் குப்பையும் விழுந்தால் கிணறு தூர்ந்துவிடும், தண்ணீரும் கெடும். சில கோட்டைகளில் வழிகாட்டியே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவார். அப்போது விநாடிகளை எண்ணுங்கள். இருநூறு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தச் சத்தம் கேட்காது. கூட்டமில்லாத கோட்டையைத் தேடிப் போவதில் இந்த நன்மையும் இருக்கிறது.

ஒரு நாளுக்கு நான்கு விரல்

மின்சாரம் இல்லை, வெடிமருந்தால் பாறையைத் தகர்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. எப்படித் தோண்டினார்கள்? சுரங்கத் தொழிலாளர்களை அழைத்து வந்தார்கள். ஒரு கையில் கூர்மையான இரும்பு உளி, மறு கையில் சுத்தியல். பாறை மிகவும் கடினமாக இருந்தால் அதை ஒட்டி விறகை அடுக்கி எரிப்பார்கள். சூட்டில் பாறையின் வெளிப்பகுதி விரியும், உள்பகுதி குளிர்ச்சியாகவே இருக்கும். இந்த வேறுபாட்டைத் தாங்காமல் பாறை விரிசல் விடும். அப்புறம் உளி சுலபமாக இறங்கும்.

சாக்சனி மாநிலத்தின் கோனிக்ஸ்டைன் கோட்டைக் கிணற்றுக்குக் கணக்கு இருக்கிறது. கூட்டம் வரும் கோட்டைதான் அது. ஆனால் கணக்குப் போட நல்ல எடுத்துக்காட்டு. 152.5 மீட்டர் ஆழமுள்ள அந்தக் கிணற்றை 1563இலிருந்து 1569 வரை தோண்டினார்கள். ஆறு ஆண்டு என்று வைத்து வகுத்துப் பாருங்கள். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். உங்கள் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்த அகலம்தான் ஒரு நாள் வேலை!

தோண்டுவதைவிட ஆபத்தானது மூச்சு விடுவது. ஆழக் குழிக்குள் காற்று ஓட்டம் இருக்காது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது என்பதால் அது அடியில் தேங்கும். எண்ணெய் விளக்கும் மனிதர்களும் இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜனையும் குறைத்துக்கொண்டே போவார்கள். அதனால் துருத்தி வைத்துக் குழாய்கள் வழியாக நல்ல காற்றைக் கீழே அனுப்புவார்கள். கியோர்க் அக்ரிகோலா என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதி 1556இல் வெளியான சுரங்கவியல் நூலில் இந்தத் துருத்திகளின் படங்களைக்கூடப் பார்க்கலாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பாழடைந்த கிணற்றுக்குள் இறங்குவது இன்றைக்கும் உயிருக்கு ஆபத்து. வாளி விழுந்தாலும் பந்து விழுந்தாலும் பெரியவர்களிடம் சொல்லுங்கள், நீங்களாக இறங்காதீர்கள்.

சக்கரத்துக்குள் நடை

கிணறு தோண்டியாகிவிட்டது. தண்ணீரை மேலே கொண்டுவருவது யார்? ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு வடகிழக்கில், ஒரு குன்றின்மேல் ரொன்னெபுர்க் கோட்டை இருக்கிறது. அதன் கிணறு சுமார் 96 மீட்டர் ஆழம். கிணற்று வீட்டுக்குள் போனால் ஆளைவிட உயரமான மரச்சக்கரம் ஒன்று நிற்கும். அதன் பெயர் மிதிசக்கரம். ஆள் சக்கரத்துக்கு உள்ளே ஏறி, படி ஏறுவதுபோல நடந்துகொண்டே இருப்பார். சக்கரம் சுழலும். அதோடு சேர்ந்த மர உருளையில் கயிறு சுற்றிக்கொள்ளும், வாளி மேலே வரும்.

சக்கரத்தின் சுற்றளவு உருளையின் சுற்றளவைப்போல 10 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ தண்ணீரைத் தூக்க 4 கிலோ எடைக்குரிய விசை போதும். ஒரு சிறுவனால்கூட முடியும்! ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தராது. விசை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் நடக்க வேண்டிய தூரம் பத்து மடங்காகக் கூடும். 96 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரே ஒரு வாளி வர, சக்கரத்துக்குள் 960 மீட்டர் நடக்க வேண்டும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: கயிற்றின் எடை. மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள நார்க்கயிறு மீட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். 96 மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ! தூக்கும் தண்ணீரைவிடக் கயிறே கனம்.

இதைச் சமாளிக்க ஒரு நல்ல வழி உண்டு. உருளையின் இரண்டு பக்கமும் இரண்டு வாளிகளைக் கட்டிவிட்டால், ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். தொடக்கத்தில் முழுக் கயிறும் நிறைந்த வாளியின் பக்கம் தொங்குவதால் வேலை கடினம். பாதி வழியில் இரு பக்கமும் கயிறு சமமாகிவிடும், தண்ணீரின் எடை மட்டும்தான் மிச்சம். கடைசியில் முழுக் கயிறும் காலி வாளியின் பக்கம் போய்விடும். இப்போது 50 கிலோ கயிறு ஒரு பக்கம், 40 கிலோ தண்ணீர் மறு பக்கம். சக்கரம் தானாகவே ஓடத் தொடங்கும்! நடந்துகொண்டிருந்தவர் இனி அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். கிணற்றுச் சக்கரத்துக்குத் தடுப்புக்கட்டை எதற்கு என்பது இப்போது புரிகிறதா?

தண்ணீரே மதிலாக

வடமேற்கு ஜெர்மனியின் முன்ஸ்டர்லாந்து பகுதி சமவெளி. மலையே இல்லை. அங்கே கோட்டை கட்டியவர்கள் தண்ணீரையே மதிலாக்கினார்கள். லூடிங்ஹவுசன் ஊரில் 1271இல் முன்ஸ்டர் நகரத்து ஆயர் கட்டிய ஃபிஷரிங் கோட்டை இன்றும் அகழிக்கு நடுவில் இரண்டு தீவுகளாக நிற்கிறது. முன்தீவில் பண்ணைக் கட்டடங்கள், உள்தீவில் வட்டமான கோட்டை. இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட கோட்டைகள் நிறைய. அவற்றை இணைக்கும் சைக்கிள் பாதைக்கு ‘நூறு கோட்டைகள் பாதை’ என்றே பெயர். வயல்களுக்கு நடுவே மிதித்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சேற்று நிலத்தில் கல் கட்டடம் புதைந்துபோகாதா? நிலம் இளகலாக இருந்த இடங்களில் ஓக் மரத்தூண்களை நெருக்கமாக அடித்து, அவற்றின் மேல் அடித்தளம் போட்டார்கள். மரம் நூற்றாண்டுக் கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும் என்றுதானே நினைப்போம்? அழுகுவதில்லை! மரத்தை உளுத்துப்போக வைப்பவை பூஞ்சைகள். அவை வாழ ஆக்சிஜன் வேண்டும். நீரில் முழுக்க மூழ்கிய மண்ணில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் பூஞ்சைகள் அங்கே பிழைப்பதில்லை. நீர்மட்டம் குறைந்து தூண்களின் தலை வெளியே தெரிந்தால்தான் ஆபத்து. காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைத்ததும் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் எதிரியைத் தடுத்த தண்ணீர், இன்று கோட்டையின் அடித்தளத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது.

மழையைச் சேர்த்தவர்கள்

எல்லாக் கோட்டைக்காரர்களாலும் நூறு மீட்டர் தோண்ட முடியாது. பணமும் ஆளும் இல்லாத சின்னக் கோட்டைகள் கூரையில் விழும் மழையையும் பாறையில் வழியும் மழையையும் கால்வாய் வெட்டித் தொட்டியில் சேர்த்தன. அதிலும் சிலர் அருமையான ஒரு முறையைக் கையாண்டார்கள். பெரிய குழி வெட்டி, தண்ணீர் கசியாதபடி அடியிலும் ஓரங்களிலும் களிமண் பூசுவார்கள். நடுவில், அடியில் மட்டும் திறப்பு விட்டுக் கல்லால் ஒரு குழல் கட்டுவார்கள். குழலைச் சுற்றியுள்ள இடத்தை மணலாலும் கூழாங்கல்லாலும் நிரப்புவார்கள். மழைநீர் ஓரத்தில் விழுந்து, மணல் வழியாக வடிகட்டப்பட்டு நடுக்குழலுக்கு வந்து சேரும். அங்கிருந்து வாளியால் மொண்டுகொள்வார்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், துணித்துண்டு, கழுவிய மணல், சின்னக் கூழாங்கற்கள், ஒரு கண்ணாடி டம்ளர், கலங்கல் தண்ணீர்.

1. பெரியவர் ஒருவரின் உதவியோடு பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டி எடுங்கள்.
2. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, வாய்ப்பகுதியில் துணியை வைத்து அடையுங்கள்.
3. முதலில் இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல், அதன்மேல் நான்கு அங்குலத்துக்கு மணல் போடுங்கள்.
4. டம்ளரின் மேல் பாட்டிலை நிறுத்திக் கலங்கல் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள்.
5. முதல் டம்ளர் தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு தெளிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.
6. மணலின் உயரத்தை இரண்டு அங்குலமாகக் குறைத்து மறுபடியும் செய்யுங்கள். இப்போது தண்ணீர் சீக்கிரம் வடியும். தெளிவு எப்படி இருக்கிறது?

தெளிந்துவிட்டது என்று இந்தத் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள். மணல் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் எல்லாவற்றையும் பிடிக்காது. குடிப்பதற்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் சரி. இரண்டு முறையும் நீங்கள் குறித்த நேரத்தையும் தெளிவையும் ஒரு அட்டவணையில் எழுதி, வகுப்பில் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.